பொருள்: எக்ஸிஃப், பார்டர் இரண்டுக்கும் தமிழில் என்ன வைக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். படங்களைத் திருத்தும் மென்பொருளின் மெனுவில் வைக்க வேண்டிய சொற்களைப் பற்றிய பேச்சு இது. எக்ஸிஃப் (Exif) என்பது படக் கோப்புக்குள்ளேயே பதிவாகும் விவரம், பார்டர் (border) என்பது படத்தைச் சுற்றி இடும் பட்டை.

> எக்ஸிஃபுக்கும் மீத்தரவு என்றே போட்டுவிடலாமே, ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் சொல்தானே

புழக்கத்தில் இருப்பது சரிதான், ஆனால் அது மெட்டாடேட்டா, அதாவது கோப்பைப் பற்றிய தகவல், முழுவதற்கும் உரிய சொல். படம் எடுத்தவர் அப்புறம் உட்கார்ந்து எழுதிச் சேர்க்கும் தலைப்பு, விளக்கம், உரிமையாளர் பெயர் எல்லாமே மீத்தரவில் வரும். எக்ஸிஃப் அதில் ஒரு பகுதி. ஷட்டரை அழுத்தியதும் கேமரா தானாக எழுதி வைப்பதுதான் அதில் பெரும்பாலும் இருக்கிறது: கேமரா மாடல், ஷட்டர் திறந்திருந்த நேரம் (1/250 நொடி), லென்ஸ் துளையின் அளவு (எஃப் 8), ஒளியுணர்திறன் (ஐஎஸ்ஓ 200), தேதி, நேரம், ஜிபிஎஸ் ஓடிக்கொண்டிருந்தால் எடுத்த இடமும்கூட. (எக்ஸிஃபிலும் பெயரும் உரிமையும் எழுத இடம் உண்டு, ஆனால் 1995-ல் ஜப்பானில் இந்தத் தரத்தை வகுத்ததே கேமராவை மனதில் வைத்துத்தான்.) ஒருவர் தன் வீடு இருக்கும் இடம் தெரியாமல் படத்தை வெளியிட நினைக்கிறார், மெனுவில் ‘மீத்தரவை நீக்கு’ என்று மட்டும் இருந்தால் அவர் எழுதிய விளக்கமும் பெயரும் சேர்ந்தே போய்விடுமோ என்று தயங்குவார். அந்தத் தயக்கம் வராத சொல் வேண்டும்.

‘எடுப்புவிவரம்’ என்று முன்வைக்கிறேன். படம் ‘எடுப்பது’ என்றுதான் எல்லாரும் சொல்கிறோம், எடுத்தபோது இருந்த விவரம் இது. எடுப்பு என்றால் எடுப்பான தோற்றம்தான் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். கணக்கெடுப்பு விவரம் என்று படிக்கும்போது யாரும் தடுமாறுவதில்லையே, இதுவும் பழகிவிடும். முன்னால் ‘படம்’ சேர்க்க வேண்டாம், பாம்பு படமெடுப்பதோடு குழம்பும். படக்குறிப்பு என்ற யோசனை எனக்கு ஒப்பவில்லை, பத்திரிகைகளில் படத்துக்குக் கீழே போடும் வரிக்கு அது எப்போதோ போய்விட்டது.

பார்டர்தான் அதிகம் படுத்துகிறது. விளிம்பு என்றால் படத்துக்குள் இருக்கும் உருவங்களின் ஓரத்துக்கும் அதையே சொல்கிறோம். சட்டகம் வீடியோவின் ஃபிரேமுக்குப் போய்விட்டது, சட்டம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வேறு. துணிக்குச் சொல்லும் ‘கரை’ அழகான சொல், சின்னது, பொத்தானில் அடங்கும். ஆனால் மெனுவில் ‘கரை சேர்’ என்று போட்டுப் பாருங்கள், படகு கரை சேர்வதுதான் முதலில் தோன்றும்! அதனால் ‘கரையிடு’. இதில் இன்னொரு வசதியும் உண்டு. 6000 × 4000 படத்தில் 100 பிக்சல் கரையை வெளிப்பக்கம் இட்டால் கோப்பு 6200 × 4200 ஆகும், படத்தில் ஒன்றும் குறையாது. அதே கரையை உள்பக்கம் இட்டால் அளவு மாறாது, ஆனால் நான்கு பக்கமும் 100 பிக்சல் படம் மறைந்துபோகும். இந்த வேறுபாடு தெரியாமல் ஓரத்தில் நின்ற ஆளின் தோளை இழப்பவர்கள் உண்டு. வெளிக்கரை, உட்கரை என்று இரண்டே சொல்லில் இதைச் சொல்லிவிடலாம்.

அப்புறம் கரையின் மேல் எழுத்தாகத் தெரியும் ‘எஃப் 8, 1/250’. இதையும் எக்ஸிஃப் என்றே பலர் சொல்கிறார்கள், அது தவறு. இது வெறும் பிக்சல், எக்ஸிஃபைப் படிக்கும் மென்பொருள் இதைத் தரவாக எடுத்துக்கொள்ளாது. கரையிட்டுச் சேமிக்கும்போது உள்ளே இருக்கும் எக்ஸிஃபைத் தூக்கிவிடும் மென்பொருள்களும் உண்டு, அப்போது வெளியே எழுத்து மட்டும் நிற்கும், கோப்பைத் திறந்து தேடினால் எதுவும் கிடைக்காது. அதற்கு நேர்மாறாக, எழுத்தே இல்லாத படத்துக்குள் இருப்பிடம் முழுதாக உட்கார்ந்திருக்கும். ஆகவே கண்ணுக்குத் தெரிவதைப் ‘பொறிப்பு’ என்று தனியாகவே வைக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மெனுவில் வைத்துப் பார்த்தேன்:

வெளிக்கரையிடு
எடுப்புவிவரத்தைக் கரையில் பொறி
சேமிக்கும்போது எடுப்புவிவரத்தைத் தக்கவை

மூன்றும் உறுத்தாமல் படிக்க முடிகிறது.

ஒன்று மட்டும் பாக்கி. கோப்பிலிருந்து இருப்பிடத்தை மட்டும் எடுத்துவிடுவதற்கு ‘நீக்கு’ போதுமா, அல்லது ‘களை’ என்று தனியாக வைக்கலாமா? நீக்கு என்றால் படத்தையே அழித்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் எனக்குக் களை பிடித்திருக்கிறது, ஆனால் பொத்தானில் தனியாக நின்றால் வயலில் முளைக்கும் களையாகத் தெரியுமோ என்ற ஐயமும் இருக்கிறது. ‘இருப்பிடம் களை’ என்று சேர்த்தே எழுதினால் சரியாகுமா? மொழிபெயர்ப்பில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.