.22 ரிம்ஃபயர்: ஒரே பெட்டியில் நான்கு வெடிக்கவில்லை. தோட்டாவா, ரைஃபிளா?

கேள்வி – பத்தாம்வளையம்

வணக்கம். 50 மீட்டர் புரோன் (படுத்துச் சுடுவது), போல்ட் ஆக்‌ஷன் .22 எல்ஆர். புதிதாகப் பிரித்த பெட்டியில் நான்கு தோட்டா வெடிக்கவில்லை. நான்கிலும் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் முனை) தடம் இருக்கிறது. அதில் இரண்டு, மறுபடி அடித்ததும் வெடித்தன. அதற்கடுத்த ஒன்று ‘பொத்’தென்று அடங்கிய சத்தம், அட்டையில் துளையே இல்லை. அதோடு நிறுத்திவிட்டேன். பழைய லாட்டில் (ஒன்றாகத் தயாரான தொகுதி) இந்தத் தொல்லை இல்லை. பிழை எதில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் – எண்ணெய்த்துணி

முதலில் அந்தப் ‘பொத்’. நிறுத்தியது மிகச் சரி. குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கும். அடுத்த தோட்டா தள்ளிக்கொண்டு போய்விடும் என்று சுட்டால் பேரல் உப்பும், வெடிக்கவும் செய்யும். போல்ட்டைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று உறுதி செய்துகொண்டு, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்தே கிளீனிங் ராடை விட்டு மெதுவாகத் தள்ளுங்கள். நகரவில்லையா, துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் கொடுத்துவிடுங்கள். சுத்தியல் வேண்டாம்.

வெடிக்காத தோட்டாவுக்கு: பேரல் குறியை நோக்கியபடியே 30 விநாடி. உங்கள் ரேஞ்சில் 60 என்றால் 60. தாமதமாக வெடிக்கும் ஹேங்ஃபயராக இருக்கலாம். அவசரப்பட்டுப் போல்ட்டைத் திறந்தால், சேம்பர் சுவரின் பிடிப்பு இல்லாத கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) கிழிந்து பித்தளைத் துண்டு முகத்துக்கு வரும். கண்ணாடி போடாமல் இந்த வேலையே கூடாது.

பதில் – அரைத்திருப்பு

ரிம்ஃபயரில் தனி பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) கிடையாது. ஈரமான பிரைமிங் கலவையைக் காலிக் கேஸுக்குள் வைத்து, சுழற்றி, விளிம்பின் மடிப்புக்குள் பரவச் செய்கிறார்கள். எங்காவது ஓரிடத்தில் கலவை போய்ச் சேரவில்லை என்றால், பின் அங்கே விழும்போது ஒன்றும் நடக்காது. நல்ல தோட்டாவிலும் எப்போதாவது இது வரும். ஒரே பெட்டியில் நான்கு என்பது அதிகம்.

30 விநாடி கழித்து எடுத்த தோட்டாவை அரைச் சுற்று திருப்பிப் போட்டு, ஒரே ஒரு தடவை அடியுங்கள். திருப்பியதும் வெடித்தால் பிரைமிங்கில் இடைவெளி என்று சந்தேகிக்கலாம். திருப்பாமல் அதே இடத்தில் அடித்து வெடித்தால் தோட்டா முழுதாக உட்காரவில்லை, அல்லது அடி பலவீனம். முதல் அடியின் விசை தோட்டாவை உள்ளே தள்ளவே செலவாகிவிடுகிறது. உங்களுடைய இரண்டும் எப்படி வெடித்தன என்பதுதான் முக்கியம். இரண்டாவதற்கும் அசையவில்லை என்றால் வெடிக்காதவற்றுக்கான டட் பெட்டிக்குப் போகட்டும், நசுங்கிய விளிம்பை மேலும் அடிக்கக் கூடாது.

பின் தடத்தை லென்ஸில் பாருங்கள். விளிம்பின் ஓரத்தில் தெளிவாக, ஆழமாக இருந்தால் ரைஃபிள்மேல் சந்தேகம் குறையும். மேலோட்டமான கீறலாக இருந்தால் போல்ட்டுக்குள் கெட்டியான எண்ணெய், தளர்ந்த ஸ்பிரிங், தேய்ந்த பின் முனை. வெடித்த கேஸோடு ஒப்பிட்டு முடிவு கட்டாதீர்கள், அழுத்தம் அந்தப் பள்ளத்தின் வடிவத்தை மாற்றிவிடும்.

சேம்பர் வாயையும் பாருங்கள். மெழுகும் ஈயமும் வளையமாகப் படிந்திருந்தால் தோட்டா மயிரிழை வெளியே நிற்கும். ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் தோட்டா விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) வெறும் 1.09 மி.மீ. அளவில் நடக்கும் விஷயம், மயிரிழையும் அங்கே பெரிசு.

இதெல்லாம் போக, தீர்ப்புச் சொல்வது மாற்றுச் சோதனைதான். பழைய லாட்டில் 20 இந்த ரைஃபிளில், புது லாட்டில் 20 வேறு ரைஃபிளில். தொல்லை எதோடு கூடப் போகிறதோ, பிழை அதில். ஆனால் உங்கள் பேரலில் குண்டு இல்லை என்று உறுதியாகும்வரை அந்த ரைஃபிளில் சுட வேண்டாம்.

கேள்வி – பத்தாம்வளையம்

இரண்டுமே திருப்பிப் போட்டதும்தான் வெடித்தன. தடம் நான்கிலும் ஆழம். மீதித் தோட்டாவைப் பயிற்சிக்காவது வைத்துக்கொள்ளலாமா?

பதில் – எண்ணெய்த்துணி

வேண்டாம். பிரைமிங் சீராக இல்லாத லாட்டில் வேகமும் ஏறி இறங்கலாம். விநாடிக்கு 320 மீட்டர் வேகத்தில் 10 மீட்டர் வித்தியாசம் வந்தாலே 50 மீட்டரில் ஏறக்குறைய 7 மி.மீ. மேலும் கீழும் போகும். பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ. அப்புறம் உங்கள் மூச்சையும் பிடியையும் குறை சொல்லி, இல்லாத பிழையைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். இன்னொரு ‘பொத்’ வந்து, வேக வேகமாகச் சுடும்போது அதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள்.

பெட்டியில் உள்ள லாட் நம்பரைப் படம் எடுங்கள். எத்தனை சுட்டது, எத்தனை வெடிக்கவில்லை, எத்தனை திருப்பியதும் வெடித்தன என்று எழுதி, சுடாதவற்றை அதே பெட்டியில் வைத்து, வாங்கிய இடத்தில் கொடுங்கள். உதிரியாகக் கொண்டுபோனால் புகார் நிற்காது.

வெடிக்காதவை ரேஞ்ச் ஆபீசர் கையில், பதிவேட்டில் எழுதி. குப்பையில் போடுவதோ, குண்டைப் பிடுங்கிப் பார்ப்பதோ, வீட்டுக்குக் கொண்டுபோவதோ கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டாவுக்கு உரிமம் வேண்டும், அது வெடிக்கவில்லை என்பதால் கணக்கிலிருந்து விலகாது. தண்ணீரில் ஊறப்போட்டால் செத்துவிடும் என்றும் நம்பாதீர்கள்.

பதில் – அரைத்திருப்பு

ஒன்று விட்டுப்போனது. புது லாட் வாங்கினால் வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், குண்டின்மேல் உள்ள மெழுகு இளகிவிடும். சேம்பரில் எண்ணெய் மிச்சமிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுச் சுடுங்கள். விரலால் தொட்டாலே குண்டு கேஸுக்குள் ஆடுகிறதென்றால் அதை ஏற்றவே வேண்டாம்.