கிரியோல் பேசும் குழந்தையின் தமிழை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி (முதல் வகுப்பு ஆசிரியை, மொரிஷியஸ்):
வணக்கம். என் வகுப்பில் பெரும்பாலான குழந்தைகள் வீட்டில் கிரியோல்தான் (பிரெஞ்சிலிருந்து பிறந்த, இங்குள்ள பேச்சுமொழி) பேசுகிறார்கள். நேற்று எழுத்து அட்டைகளைக் காட்டியபோது அ முதல் ஔ வரை பிசகாமல் சொன்ன ஒரு சிறுமி, 'அம்மா' என்ற சொல்லைக் காட்டியதும் வாய் திறக்கவில்லை. ஆனால் காவடிப் படத்தைப் பார்த்தவுடன் "காவடி! கோவில்!" என்று துள்ளினாள். இவளை எப்படி மதிப்பிடுவது?

மறுமொழி 1:
வணக்கம் அம்மா. அவள் வரிசையை மனப்பாடமாகச் சொல்லியிருக்கலாம். அட்டைகளைக் கலைத்துப் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். அடுத்து, புத்தகமே இல்லாமல், ஒரு சொல்லுக்கு எத்தனை முறை கைதட்ட வேண்டும், அது எந்த ஒலியில் தொடங்குகிறது என்று கேளுங்கள்: கா-வ-டி, மூன்று தட்டு. இதைக் கிரியோல் சொற்களிலும் கேட்கலாம். ஏனெனில் ஒலிகளைப் பிரித்துணரும் திறன் ஒரு மொழியில் வந்துவிட்டால், இன்னொரு மொழியில் வாசிக்கவும் அது கைகொடுக்கும்.

மறுமொழி 2:
உச்சரிப்பை வாசிப்புப் பிழையாகக் கணக்கிட்டுவிடாதீர்கள். கிரியோலில் ள, ண போன்ற நாமடி ஒலிகள் (நாக்கை மேல்நோக்கி மடித்து எழுப்பும் ஒலிகள்) இல்லாததால் 'பள்ளி'யைப் 'பல்லி' என்று ஒலிக்கும் குழந்தை, பள்ளிக்கூடப் படத்தைச் சரியாகத் தொட்டுக் காட்டினால், அதற்கு வாசிக்கத் தெரிந்திருக்கிறது என்றே பொருள். இதைத் தண்டிப்பது அநியாயம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று கலைத்துக் கேட்டேன். உ, ஊ, எ, ஏ நான்கிலும் தடுமாறினாள். கைதட்டலில் ஒன்றுகூடத் தவறவில்லை. நாளை அ, ம், மா என்று மூன்று அட்டைகளை வைத்து 'அம்மா'வைத் தொடங்குகிறேன்.