டோமினாருக்கு சென்டர் ஸ்டாண்டு: 3 மி.மீ குழாயா, புஷ்ஷா?

செவ்வாய்ப்பேட்டை லேத்து:
நேற்று இந்தக் குழுவில் ஒருவர் எழுதியதை அப்படியே இங்கே ஒட்டுகிறேன். "பஜாஜ் டோமினார் 400 பைக்குக்கு சென்டர் ஸ்டாண்டு போடுவதென்றால் சுவர் கனம் 3 மி.மீ உள்ள குழாயில் வரும் பிராண்டட் கிட் மட்டும் வாங்குங்கள். சேலம் லேத்துப் பட்டறைகளில் அடித்துத் தருவது 2 மி.மீ குழாய். ஆறே மாதத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போகும்." இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. இந்த ஊரில் லேத்து ஓட்டித்தான் என் குடும்பம் சாப்பிடுகிறது.

ஸ்டாண்டு எந்த இடத்தில் சாகிறது என்று கழற்றிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். குழாய் நடுவில் முறிந்தது என்று யாரும் என் பட்டறைக்கு வந்ததில்லை. வருவதெல்லாம் பிவட் ஓட்டை, அதாவது ஸ்டாண்டு சுழலும் போல்ட் போகிற ஓட்டை, தேய்ந்து நீள்வட்டமாகிப் போனவை. கிட்டில் வெறும் இரும்பு ஓட்டைக்குள் வெறும் போல்ட்டை விட்டு முறுக்கியிருப்பார்கள். தேய்மானத்தைத் தாங்க ஓட்டைக்குள் போடுகிற உலோக வளையமான புஷ் கிடையாது, கிரீஸ் போக வழியும் கிடையாது. போல்ட்டின் மரை ஓட்டைக்குள் உட்கார்ந்து, ஸ்டாண்டு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அரம் போல ராவிக்கொண்டே இருக்கும். நான் கன்மெட்டல் என்கிற செம்புக் கலவையில் புஷ் கடைந்து, உள்ளே ஸ்லீவ் என்கிற ஸ்டீல் குழல் கொடுத்து, கிரீஸ் ஏற்ற நிப்பிள் வைக்கிறேன். ஸ்லீவ் புஷ்ஷைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். போல்ட் எவ்வளவு இறுகினாலும் ஸ்லீவைத்தான் பிடிக்கும், ஸ்டாண்டு சிக்காது. எழுதியவர் தன் கிட்டைக் கழற்றி புஷ் இருக்கிறதா என்று காட்டட்டும்.

அஸ்தம்பட்டி டோமினார்:
எழுதியது நான்தான் அண்ணே, ஒளிந்துகொள்ளவில்லை. வண்டி 193 கிலோ. கம்பெனி சென்டர் ஸ்டாண்டு கொடுக்காத வண்டி. அதை நாமாகத் தூக்கி நிறுத்தும்போது குழாய் தாங்க வேண்டும். 3 மி.மீ எங்கே, 2 மி.மீ எங்கே? நீங்கள் போடும் குழாய் எத்தனை மி.மீ என்று மட்டும் சொல்லுங்கள். புஷ் கதை அப்புறம்.

செவ்வாய்ப்பேட்டை லேத்து:
புஷ் கதை இல்லை தம்பி. புஷ்தான் விஷயம். படத்தைப் போடுங்கள்.

அஸ்தம்பட்டி டோமினார்:
மி.மீ சொல்லுங்கள்.

கருப்பூர் மெக்கானிக்கல்:
இரண்டு பேரும் ஒரு கணக்கைப் பாருங்கள். வெளிவிட்டம் 25 மி.மீ உள்ள குழாயில் சுவர் 2-லிருந்து 3 மி.மீ ஆனால் வளைவைத் தாங்கும் பலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. எடையோ 43 சதவீதம் கூடுகிறது. அதே 2 மி.மீ சுவரை வைத்துக்கொண்டு வெளிவிட்டத்தை 28 மி.மீ ஆக்கினால், 25-க்கு 3 போட்ட குழாயின் பலம் கிட்டத்தட்ட வந்துவிடும், விறைப்பு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும், எடையும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். வெளிவிட்டம் சொல்லாமல் 3 மி.மீ, 3 மி.மீ என்று பேசுவதில் பொருளே இல்லை.

அஸ்தம்பட்டி டோமினார்:
கணக்கு நோட்டில் நன்றாக இருக்கிறது. தரையில் 3 மி.மீதான் நிற்கும். என் கிட் நிற்கிறது.

கருப்பூர் மெக்கானிக்கல்:
உங்கள் குழாயின் வெளிவிட்டம் எவ்வளவு என்றுதானே கேட்டேன்?

அஸ்தம்பட்டி டோமினார்:
3 மி.மீ.

நாகலூர் எஸ்டேட்:
மலையில் குடியிருக்கிறவன் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். டோமினாருக்குத் தரை இடைவெளியே 157 மி.மீதான். அதற்குக் கீழே ஸ்டாண்டின் குறுக்குக் கம்பியைத் தொங்கவிட்டால் எப்படி? பின்னால் ஆள், இரண்டு பக்கமும் பை, சஸ்பென்ஷன் அமுங்கியிருக்கும். ஏற்காடு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இடது பக்கம் திரும்புகிறவற்றில் ஸ்டாண்டின் கால்மிதி தார் ரோட்டை உரசித் தீப்பொறி பறப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கால்மிதி ஊன்றிவிட்டால் பின்சக்கரம் தரையை விட்டு எழும். அங்கே குழாய் எத்தனை மி.மீ என்று யார் கேட்கப் போகிறார்கள்? எனக்கு, வண்டியில் மாட்டாமல் பின்சக்கரத்தைத் தனியாகத் தூக்கி நிறுத்துகிற பேடாக் ஸ்டாண்டு போதும். வீட்டில் செயினுக்கு ஆயில் விட்டுவிட்டு ஓரமாக வைத்துவிடுவேன்.

செவ்வாய்ப்பேட்டை லேத்து:
எஸ்டேட் அண்ணா, உரசுவதற்கும் காரணம் புஷ்தான். பிவட்டில் அரை மி.மீ ஆட்டம் வந்தால் கால் நுனியில் அது பல மடங்காகத் தெரியும். மடங்கி மேலே ஒட்டி நிற்க வேண்டிய ஸ்டாண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கும். அப்புறம் உரசாமல் என்ன செய்யும்? ஸ்பிரிங்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஸ்பிரிங் போட்டு அனுப்புகிறார்கள். பள்ளத்தில் விழும்போது ஸ்டாண்டு குதித்து சைலன்சரில் மோதும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் இருந்தால் ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். நான் இரண்டு போடுகிறேன். மடங்கி நிற்கும் இடத்தில் ரப்பர் ஸ்டாப்பரும் போடுகிறேன்.

அஸ்தம்பட்டி டோமினார்:
ஸ்பிரிங்குக்குப் போய்விட்டார். குழாய் எத்தனை மி.மீ என்பதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.

கோவைப் பட்டறை:
எங்கள் ஊர்ப் பக்கம் இதெல்லாம் ஜிக், அதாவது பாகங்களை நகராமல் பிடிக்கும் சட்டம், வைத்து வெல்டிங் செய்கிறோம். இரண்டு பிவட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். சேலத்தில் கண் அளவில் ஒட்டுகிறார்கள், அதனால்தான் புஷ் வைத்து ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை லேத்து:
கோவைக்காரருக்கு இங்கே என்ன வேலை? செவ்வாய்ப்பேட்டையில் வந்து பாருங்கள், என் பட்டறையில் ஜிக் இருக்கிறது. ஒரு முழு நீளத் தண்டை இரண்டு பிவட்டிலும் சேர்த்து விட்டுத்தான் வெல்டிங் வைக்கிறேன். சூட்டில் இழுத்துக்கொள்ளாமல் இருக்க நான்கு பக்கமும் மாற்றி மாற்றிப் புள்ளி வைத்துவிட்டு அப்புறம்தான் முழுத் தையல் போடுவேன். பொருளையும் சொல்கிறேன். வெட்டிப் போட்ட இரும்புக் கடைப் பைப் எதையும் நான் தொடுவதில்லை. தையல் இல்லாத குழாய், பிளேட் 6 மி.மீ. இரும்பாலை இருக்கிற ஊர்க்காரனுக்கு இரும்பைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

கோவைப் பட்டறை:
சேலம் இரும்பாலையில் உருட்டுவது துருப்பிடிக்காத எஃகுத் தகடு. ஸ்டாண்டுக் குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

செவ்வாய்ப்பேட்டை லேத்து:
சம்பந்தம் இருக்கிறது என்று நான் எங்கே சொன்னேன்? இரும்பு தெரிந்த ஊர் என்றேன். நேராகப் படியுங்கள்.

கருப்பூர் மெக்கானிக்கல்:
வெல்டிங் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். விரிசல் வருவது வெல்டிங் தையலின் ஓரத்தில். சூடுபட்ட பகுதி அங்கேதான் இருக்கிறது, வளைவுச் சுமையும் அங்கேதான் குவிகிறது. 2 மி.மீ சுவரில் அதிகக் கரண்ட் வைத்து ஆர்க் அடித்தால் ஓட்டை விழும், குறைத்தால் ஒட்டியது போலத் தெரிந்து உள்ளே இறங்காது. 3 மி.மீ சுவர் சுமாரான வெல்டரைக் கொஞ்சம் மன்னிக்கும். அதுதான் அதன் நிஜ நன்மை.

அஸ்தம்பட்டி டோமினார்:
ஆக 3 மி.மீ நல்லது என்று இவரே சொல்லிவிட்டார். நன்றி.

கருப்பூர் மெக்கானிக்கல்:
சுமாரான வெல்டர் என்றேன். அதை விட்டுவிட்டுப் படிக்கிறீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை லேத்து:
சுமாரான வெல்டர் என்றால் யாரைச் சொல்கிறீர்கள் தம்பி?

கருப்பூர் மெக்கானிக்கல்:
உங்களை இல்லைங்க. பொதுவாகச் சொன்னேன்.

செவ்வாய்ப்பேட்டை லேத்து:
பொதுவாகச் சொன்னாலும் பட்டறை வைத்திருக்கிறவனுக்குத்தான் வலிக்கும். பாஸ் செய்துவிட்டு நேராக கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு அது புரியாது.

புது வண்டி:
வணக்கம். நான் போன மாதம்தான் டோமினார் எடுத்தேன். ஃபிரேமில் ஓட்டை போடாமல், இருக்கிற போல்ட் இடங்களிலேயே மாட்டுகிற ஸ்டாண்டு கிடைக்குமா? வெல்டிங் செய்தால் வாரண்டி போய்விடும் என்று ஷோரூமில் பயமுறுத்துகிறார்கள்.

நாகலூர் எஸ்டேட்:
மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐப் படியுங்கள் தம்பி. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது.

அஸ்தம்பட்டி டோமினார்:
அப்படியென்றால் உங்கள் வண்டியில் இருக்கிற கிராஷ் கார்டு? அதுவும் போன தீபாவளிக்கு நீங்கள் எனக்கு விற்ற பழைய கிராஷ் கார்டு? அதன் இடது கிளாம்பில் விரிசல் இருந்ததை ஏன் சொல்லவில்லை? அன்று பிரிவு 52 ஞாபகம் வரவில்லையா?

நாகலூர் எஸ்டேட்:
அது விற்கும்போது நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் ஏற்காட்டுக்கு வரும் இன்னொரு வழியான குப்பனூர் பாதையில் வண்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து என்மேல் பழி போடுகிறீர்கள். அதை இங்கே இழுக்க வேண்டாம்.

அஸ்தம்பட்டி டோமினார்:
குப்பனூர் பாதையில் யார் போட்டது? அன்று நான் மெயின் ரோட்டில்தான் வந்தேன். அந்தப் பாதையில் இருக்கிற கொட்டச்சேடு பக்கமே போகவில்லை.

செவ்வாய்ப்பேட்டை லேத்து:
கிராஷ் கார்டை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். புது வண்டித் தம்பிக்கு நான் சொல்கிறேன். ஃபிரேமில் நேரடியாக வெல்டிங் வைக்கிற பட்டறை எதுவாக இருந்தாலும், என் சொந்த மாமா பட்டறையாக இருந்தாலும், வண்டியை உள்ளே விடாதீர்கள். ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் பகுதியும் மாட்டியிருக்கிற இடங்களில் பிளேட் கொடுத்து போல்ட்டால்தான் மாட்ட வேண்டும். போல்ட் தலையில் அதன் பலத்தைக் காட்டும் எண் 8.8 என்று அச்சிட்டிருக்க வேண்டும், 10.9 என்றால் இன்னும் நல்லது. தலையில் எண்ணே இல்லாத போல்ட்டைத் தொடாதீர்கள். நட்டு லாக் நட்டாக இருக்க வேண்டும். மாட்டிக் கொஞ்ச தூரம் ஓடியதும் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெயிண்டுக்கு மேல் உட்கார்ந்த பிளேட் கொஞ்சம் அமுங்கும்.

கால் நீளத்தையும் கவனியுங்கள். நிறுத்தியபின் பின்டயருக்கும் தரைக்கும் ஒரு விரல் இடைவெளி இருந்தால் போதும். அதற்கு மேல் தூக்கினால் ஏற்றும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும், உங்களுக்கும் கோபம் வரும். கால்கள் பிவட்டுக்கு நேர் கீழே வந்து அதையும் கொஞ்சம் தாண்டி ஸ்டாப்பரில் உட்கார வேண்டும். தாண்டாவிட்டால் காற்றுக்கே வண்டி முன்னால் உருண்டு ஸ்டாண்டு மடங்கிவிடும். இத்தனையும் பார்த்துவிட்டு கடைசியில் புஷ்ஷைப் பாருங்கள். புஷ் இல்லை என்றால் மற்றது எல்லாம் சரியாக இருந்தும் வீண்.

அஸ்தம்பட்டி டோமினார்:
இவ்வளவு எழுதியும் குழாய் எத்தனை மி.மீ என்று இல்லை. எல்லோரும் கவனியுங்கள்.

நாகலூர் எஸ்டேட்:
முன்னால் உருளும் என்று லேத்து அண்ணன் சொன்னது உண்மை. இறக்கத்தைப் பார்த்து சென்டர் ஸ்டாண்டு போடவே கூடாது. ஏற்காட்டில் லேடிஸ் சீட் என்கிற காட்சிமுனைப் பக்கம் சரிவில் இறக்கம் பார்த்து நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். கை பட்டாலே வண்டி முன்னால் நகரும், ஸ்டாண்டு பின்னால் மடங்கும், வண்டி சாயும். மேட்டைப் பார்த்து நிறுத்திவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் சைடு ஸ்டாண்டே போதும். சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுப்பதும் வேண்டாம், அந்தச் சுமையும் சேர்ந்து அந்த இரண்டு காலில்தான் இறங்கும்.

கோவைப் பட்டறை:
ராயல் என்ஃபீல்டு இமாலயன் 411-க்கு 2016-லேயே கம்பெனி சென்டர் ஸ்டாண்டு கொடுத்துவிட்டது. அது நல்ல வண்டி. அதை வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

அஸ்தம்பட்டி டோமினார்:
நாங்கள் என்ன வண்டி வாங்க வேண்டும் என்று உங்களை யார் கேட்டது?

கருப்பூர் மெக்கானிக்கல்:
கம்பெனி ஸ்டாண்டு பற்றிப் பேச்சு வந்ததே நல்லது. அதில் ஃபிரேமோடு சேர்த்தே பிவட் இடத்தை வார்த்து அல்லது வெல்டிங் செய்து கொடுத்திருப்பார்கள். பின்னால் வாங்கி மாட்டுகிறவற்றுக்கு அந்த வசதி இல்லை. அதனால் பிராக்கெட்டின் விறைப்பு முதலில் வருகிறது, அப்புறம்தான் குழாயும் புஷ்ஷும். ஒரு பிராக்கெட் பிளேட் வளைந்தாலே புஷ் ஒரு ஓரத்தில் மட்டும் தேயும்.

செவ்வாய்ப்பேட்டை லேத்து:
பிளேட் 6 மி.மீ என்று முன்பே சொல்லிவிட்டேன். இப்போது நீங்களும் புஷ் தேயும் என்கிறீர்கள். நான் ஆரம்பத்திலிருந்து சொல்வது அதைத்தான்.

கருப்பூர் மெக்கானிக்கல்:
நான் சொன்னது பிராக்கெட் பற்றி.

செவ்வாய்ப்பேட்டை லேத்து:
புஷ் என்ற சொல்லை நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள், மேலே போய்ப் பாருங்கள்.

அஸ்தம்பட்டி டோமினார்:
படம் கேட்டீர்களே, இதோ போட்டிருக்கிறேன். கிட் கருப்பு பவுடர் கோட்டிங். வெல்டிங் தையலைப் பாருங்கள், எவ்வளவு சுத்தம். அடியில் 3 மி.மீ என்று ஸ்டிக்கரே ஒட்டியிருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை லேத்து:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிவட் பக்கத்தை மட்டும் சைலன்சர் மறைக்கிறது. அந்தப் பக்கத்துப் படம் வேண்டும். பவுடர் கோட்டிங்குக்கு நான் எதிரி இல்லை, ஆனால் கால் அடிப்பாகத்தில் அது முதல் வாரமே உரிந்துவிடும். குழாயின் கீழ் நுனியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மூடிய குழாயில் மழைத் தண்ணீர் புகுந்தால் உள்ளிருந்தே துரு தின்றுகொண்டு வரும். அப்போது 3 மி.மீ, 2 மி.மீ ஆகும், அதற்கும் கீழே போகும். இடது பக்கம் போல்ட்டைக் கழற்றி, தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அஸ்தம்பட்டி டோமினார்:
என் வண்டியில் போல்ட்டைக் கழற்றச் சொல்ல நீங்கள் யார்? ஓடுகிற ஸ்டாண்டை நான் ஏன் கழற்ற வேண்டும்? உங்கள் குழாயை ஒருமுறை கனம் அளக்கும் காலிப்பரில் பிடித்துப் படம் போடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

புது வண்டி:
போல்ட் விவரத்துக்கு நன்றி அண்ணா. சேலத்தில் போல்ட்டால் மாட்டுகிற மாதிரி செய்து தர எவ்வளவு ஆகும்?

கோவைப் பட்டறை:
எங்களிடம் வாருங்கள், ஒரே நாளில் முடித்துத் தருகிறோம்.

செவ்வாய்ப்பேட்டை லேத்து:
இங்கே கடை விரிக்க வேண்டாம். தம்பி, விலை இங்கே எழுதமாட்டேன், வண்டியைப் பார்க்காமல் சொல்வது சரியில்லை. காலிப்பர் கேட்டவருக்கு: என் பட்டறையில் வெட்டி வைத்த குழாய்த் துண்டுகள் மேசை மேலேயே கிடக்கின்றன, வந்து நீங்களே அளந்துகொள்ளுங்கள். வரும்போது உங்கள் ஸ்டாண்டின் பிவட் போல்ட்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அஸ்தம்பட்டி டோமினார்:
2 மி.மீ என்று எழுத மனம் வரவில்லை என்றால் நேராகச் சொல்லலாம்.

செவ்வாய்ப்பேட்டை லேத்து:
புஷ் படம் வந்தபிறகு எழுதுகிறேன்.