மலைச்சரிவில் வீடு: மனையைச் சமப்படுத்தித்தான் கட்ட வேண்டுமா?

கேள்வி (கடையம்):
கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்களுக்கு 18 சென்ட் மனை இருக்கிறது. மேற்கிலிருந்து கிழக்காக 60 அடிக்குள் ஏறத்தாழ 9 அடி இறங்குகிற சரிவு அது. மேற்புறத்தைப் பொக்லைன் வைத்து வெட்டிக் கீழ்ப்புறத்தில் நிரப்பி ஒரே மட்டமாக்கிவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். அங்கே நிற்கும் இரண்டு இலுப்பை மரங்களை இழக்க எனக்கு மனம் வரவில்லை. மின்செலவும் நீர்ச்செலவும் குறைந்த, இக்காலத்துக்கு ஏற்ற வீட்டை அந்தச் சரிவிலேயே கட்ட முடியுமா?

மறுமொழி (அம்பாசமுத்திரம், கட்டடப் பொறியாளர்):
முடியும் அண்ணாச்சி, மட்டப்படுத்த வேண்டாம். வெட்டிய பகுதியில் பாதியும் நிரப்பிய மண்ணில் பாதியுமாகக் கடைக்கால் (அஸ்திவாரம்) நின்றால், நிரப்பிய மண் மழைக்குப் பின் அமிழ்ந்து, இரண்டும் சேரும் இடத்தில் சுவர் விரியும். வீட்டை மும்மூன்று அடி இறங்கும் மூன்று தளங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கெட்டி மண் வரை வானம் (கடைக்காலுக்கான பள்ளம்) தோண்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீரைப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் என் உறவினர் வீட்டுக் கருங்கல் தடுப்புச்சுவர் வயிறு தள்ளிச் சரிந்தது. கல்லிலும் கலவையிலும் குறையில்லை, பின்னால் தேங்கிய நீர் வெளியேறத் துளைகள்தாம் இல்லை. ஆகவே சுவரின் பின்புறம் சரளை நிரப்பி, ஐந்தடிக்கு ஒரு துளை விடுங்கள். மேட்டிலிருந்து வரும் நீர் வீட்டைச் சுற்றிப் போகும்படி மேற்கே ஒரு கால்வாய் வெட்டுங்கள். நீர் உறிஞ்சும் குழியை மேட்டில் வைத்தால் அந்த ஈரம் உங்கள் கடைக்காலுக்கே வந்து சேருமாதலால், அதைக் கீழ்க்கோடியில் வையுங்கள். கரையில் வெட்டிவேர் நட்டால் அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு என்னும் சுவர் முறை, செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவதால், கல்லில் ஏறத்தாழ கால் பங்கை மிச்சப்படுத்தி வெப்பத்தையும் தடுக்கிறது. பழகிய கொத்தனார் கிடைத்தால் தயங்க வேண்டாம்.

மறுமொழி (செங்கோட்டை):
ஐயா, எங்கள் அனுபவம் கூரையைப் பற்றியது. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று சாரலை மேற்குச் சுவரில் அறையும். அந்தப் பக்கம் மூன்றடி இறவாரம் விட்டு, சன்னல்களைச் சிறிதாக்குங்கள். வெறும் ஓட்டுக்கூரையைக் குரங்குகள் பிரித்துவிடுவதால், சாய்வான கான்கிரீட்டின் மேல் ஓடு பதித்தோம். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் கிடைக்கும்; மேல்தளத்தில் தொட்டி வைத்தால் கீழ்த்தளங்களுக்கு மோட்டார் இல்லாமலே தண்ணீர் இறங்கும். மேற்கே மலை மறைப்பதால் மாலை வெயில் சீக்கிரம் போய்விடும். சூரியத் தகடுகளைத் தெற்கு பார்த்து, மர நிழல் விழாத இடத்தில் வையுங்கள். உங்கள் ஊர், மலைப்பகுதிக் கட்டுமானங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் வருகிறதா என்பதை வரைபடம் போடும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பொக்லைனை நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஓர் இலுப்பை நடுத்தளத்திலிருந்து எட்டடியில் நிற்கிறது. அதன் வேரைக் காக்கக் கடைக்காலை அந்த இடத்தில் மட்டும் தூண்களாக மாற்றலாமா, பொறியாளர் அண்ணாச்சி?