மறு: ஆர்கனாய்டு: ‘குட்டிக் குடலா’, ‘குடலுருவா’?

அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வகத்தில் செல்களிலிருந்து வளர்க்கும், உறுப்பைப் போன்ற சிறு திசு உருண்டைக்கு ஆங்கிலத்தில் ஆர்கனாய்டு என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இந்த இழையை நான்கு நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் பிரிவில் கருவி இயக்குகிறேன். இந்தச் சொற்கள் தினமும் என் காதில் விழுபவை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> ‘குட்டி உறுப்பு’ என்றாலே போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். தமிழில் கூட்டுச்சொல்லின் கடைசியில் எது நிற்கிறதோ அதுதான் பொருள். நாட்டுக்கோழி ஒரு கோழி; கோழிக்குழம்பு ஒரு குழம்பு. ‘குட்டிக் குடல்’ என்றால் அது குடலேதான், அளவில் மட்டும் சிறியது.

போன மாதம் ஓர் அம்மாவின் மகன் கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டி, “லேப்ல குட்டிக் குடல் வளர்த்துட்டாங்களாமே, எங்கம்மாவுக்கு வைக்க முடியுமா?” என்று கேட்டார். அம்மாவுக்குக் கருப்பை வாயில் புற்று. 25 நாள் சிகிச்சையில் 18 நாள் முடிந்திருந்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வயிற்றுப்போக்கு. முடியாது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். ஏன் முடியாது என்று சொல்லத்தான் அரை மணி நேரம் ஆனது.

அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். சிறுகுடலின் உள்பரப்பு நான்கைந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பரப்பில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளுக்கு இடையில் இருக்கும் சிறு குழிகளின் அடியில் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்; அணு என்று நான் எழுதுவதெல்லாம் செல்லைத்தான்) உட்கார்ந்து ஓயாமல் பிரிகின்றன. வேகமாகப் பிரியும் அணுக்களைத்தான் கதிர்வீச்சு அதிகம் தாக்கும். 1906இலேயே பெர்கோனியே, டிரிபோண்டோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் இதைச் சொல்லிவிட்டார்கள். அடிவயிற்றுக்கு நாங்கள் கொடுக்கும் கதிர் புற்றை மட்டும் பார்த்துப் போவதில்லை. வழியில் இருக்கும் குடலின் குருத்தணுக்களையும் கொல்கிறது. மேலே உதிர்வது உதிர்ந்துகொண்டே இருக்க, கீழிருந்து புதிது வருவது குறைந்துவிடுகிறது. வயிற்றுப்போக்கு அதனால்தான்.

2009இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகத்தில் டோஷிரோ சாட்டோ, எலிக்குடலின் ஒரே ஒரு குருத்தணுவை ஜெல்லுக்குள் வைத்து வளர்த்துக் காட்டினார். அது முதலில் உருண்டையாகும், பிறகு சுற்றிலும் மொட்டு விடும். குண்டு மஞ்சள், விரலி மஞ்சள் பார்த்திருப்பீர்கள். உருண்டை விரல் விட்டால் எப்படியோ அப்படி. ஒவ்வொரு மொட்டும் ஒரு குடற்குழி. 2011இல் மனிதக் குடலிலிருந்தும் வளர்த்தார்கள். இதன்மேல் கதிர்வீச்சைப் பாய்ச்சினால், எந்த அளவில் மொட்டு விடுவது குறைகிறது, எந்த மருந்து கொடுத்தால் தப்பிக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்க்கலாம். நல்ல உடம்புக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு அவர் வயிற்றில் கதிரைப் பாய்ச்சிப் பார்க்க முடியாதே.

ஆனால் அதில் ரத்தக்குழாய் இல்லை, நரம்பு இல்லை, அசையும் தசை இல்லை. ரவை அளவுகூட வராது. அதைக் குடல் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

> நுண்ணுறுப்பு?

அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் அதுதான் பெயர். இலங்கை நண்பர்கள் அவற்றைப் புன்னங்கம் என்பார்கள்.

> உலோகப்போலி இருக்கிறது. அதே வழியில் உறுப்புப்போலி.

இதுதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. போல இருப்பது போலி. இலக்கணத்திலும் முதற்போலி, கடைப்போலி என்று கூச்சமில்லாமல் சொல்கிறோம். கடைசியில் நிற்கும் சொல்லும் சரியாகவே இருக்கிறது. ஆனால் இன்று போலி என்றதும் போலி மருந்து, போலி மருத்துவர்தான் நினைவுக்கு வருகிறது. உலோகத்தைப் போலி என்றால் யாருக்கும் வலிக்காது. “உங்க கட்டியிலேர்ந்து கொஞ்சம் எடுத்துப் போலி செஞ்சு மருந்தைச் சோதிப்போம்” என்று ஒரு நோயாளியிடம் சொல்ல முடியுமா? ‘மூளைப்போலி’யை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

என் பரிந்துரை உறுப்புரு. கோளவுரு என்று கணிதத்தில் ஏற்கெனவே வழங்குகிறது. குடலுரு, கல்லீரலுரு, மூளையுரு, கட்டியுரு என்று எதோடும் ஒட்டும்; குடலுருவை, குடலுருக்களில் என்று வேற்றுமையும் தடையின்றி ஏறும். உரு என்பதால் உறுப்பின் வடிவத்தை எடுத்த ஒன்று, உறுப்பு அல்ல. ‘உறுப்புரு’வில் றகரமும் ரகரமும் அடுத்தடுத்து வந்து நாக்கைத் தடுக்கும் என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் பொதுச்சொல்லைவிடக் குடலுரு, மூளையுரு என்று தனித்தனியாகத்தான் அதிகம் சொல்வோம்.

அடுத்தது சில்லு, அதாவது ‘சிப்’பின் மேல் குடல் அணுக்களை வளர்ப்பது. அதற்குச் ‘சில்லுக்குடல்’ வேண்டாம், குடற்சில்லு என்போம். அது ஒரு சில்லுதான். துளையுள்ள மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் குடல் அணுக்கள், மறுபக்கம் ரத்தக்குழாய் அணுக்கள், நடுவில் ஓடும் திரவம். குடல் அசைவதுபோல அதை இழுத்து விடுவார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வீஸ் ஆய்வு நிறுவனத்தார் 2018இல் இதில் 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) பாய்ச்சியபோது குடலுறிஞ்சிகள் மழுங்கின, அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்தது. (நாங்கள் ஒரு நாளைக்கு இடுப்புப் பகுதிக்கு மட்டும் கொடுப்பது 2 கிரேக்குள். யாரும் 8ஐப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.)

கடைசியாக ஒன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இழை முழுக்கக் ‘கதிரியக்கப் பாதிப்பு’ என்று எழுதுகிறீர்கள். கதிரியக்கம் ஒரு பொருளின் குணம். அதிலிருந்தோ கருவியிலிருந்தோ வருவது கதிர்வீச்சு. சில ஆண்டுகளுக்கு முன் நான் திருத்திக் கொடுத்த ஒரு துண்டறிக்கையில் ‘கதிரியக்கச் சிகிச்சை’ என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். அதைப் படித்த ஒரு பாட்டி, தன் உடம்பிலிருந்து கதிர் வரும் என்று நம்பி ஐந்து வாரம் பேரனைத் தூக்கவே இல்லை. வெளியிலிருந்து கருவி பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது. எங்கள் வார்டில் எல்லோரும் “கரண்ட் வைக்கிறாங்க” என்றுதான் சொல்வார்கள். லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற, மின்சாரத்தில் ஓடும் கதிர்க்கருவியைப் பொறுத்தவரை அந்தச் சொல் துண்டறிக்கையைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது: மின்சாரம் நின்றால் கதிரும் நின்றது.

அதனால் கதிர்வீச்சு ஊறு, சுருக்கமாகக் கதிரூறு. காயம் என்றால் கத்தி பட்டதுபோல இருக்கிறது; ஊறு உள்ளே நடப்பதையும் சொல்லும்.

“கதிர்வீச்சு பட்ட குடலுருக்களில் மொட்டு விடுவது குறைந்தது.” இந்த வரியை உங்கள் வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேட்டு எழுதுங்கள். இலங்கை நண்பர்களே, செல்லைக் கலம் என்றும் திசுவை இழையம் என்றும் படித்த பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்.