யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய நம்ம பகுதி முன்னாள் ராணுவத்தினரைத் தேடுகிறோம்

வணக்கம்ங்க. எங்க பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். நீலகிரி வெலிங்டனில் பயிற்சி முடித்து, 1987இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கை போனார். இப்போது காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். காது மந்தமாகிவிட்டது, ஆனால் ஞாபகம் அப்படியே இருக்கிறது. அதைக் குரல்பதிவாக எடுத்து வைக்க ஆசைப்படுகிறேன்.

எங்களிடம் பாதிக்கு மேல் பேசமாட்டார். யாழ்ப்பாணத்தில் ஒரு ஆச்சி தண்ணி கொடுத்துவிட்டு, "நீயும் தமிழ்ப் பிள்ளைதானே, ஏன் துவக்கோட (துப்பாக்கியோட) வந்தனீ" என்று கேட்டதைச் சொல்லும்போது மட்டும் நிறுத்திவிட்டு, எழுந்து மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடப் போய்விடுவார். 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்புக்குப் போகவில்லை. அரசியல் காரணம் என்னவாக இருந்தாலும், கட்டளைப்படி போய்விட்டு வந்த சிப்பாய்க்கு அது வலித்தது என்பதை இங்கே சொல்லியே ஆகவேண்டும்.

ரெஜிமெண்ட் எண்ணும் பெயரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி இன்னும் கட்டிலடியில்தான் இருக்கிறது. அதில் இருக்கும் குரூப் போட்டோவைக் காட்டி ஒவ்வொருவர் ஊரையும் சொல்வார்: கோபி, தாராபுரம், பவானி. அப்புறம் யாரோடும் தொடர்பில்லை.

அந்தப் பக்கம் 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த அப்பாவோ மாமாவோ யாருக்காவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்க. போட்டோவை அனுப்புகிறேன். வர முடியாதவர் என்றால் வண்டி எடுத்து வந்து நாங்களே கூட்டிப்போகிறோம்.