அக்காவுக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி: எனக்கும் பரிசோதனை தேவையா?

கேள்வி:
வணக்கம். 36 வயதான என் அக்காவுக்கு, சிசேரியன் முடிந்த மூன்றாம் வாரத்தில் திடீரென மூச்சு வாங்கியது. இரவெல்லாம் கண்விழித்த களைப்பு என்று இரண்டு நாட்கள் விட்டுவிட்டோம். பிறகு எடுத்த சி.டி. ஸ்கேனில் நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி இருப்பது தெரிந்தது. இப்போது ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துவருகிறார். எங்கள் அப்பாவும் 44 வயதில், கால் முறிந்து மாவுக்கட்டுடன் படுத்திருந்தபோது திடீரென இறந்தார், மாரடைப்பு என்றார்கள். எனக்கு 31 வயது. மாதவிடாய்க் கோளாறுக்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேன். இது பரம்பரையாக வருமா? நான் எந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது?

மறுமொழி 1:
பரிசோதனை இருக்கட்டும், முதலில் அந்த மாத்திரையைக் கவனியுங்கள். அதில் ஈஸ்ட்ரோஜன் இருந்தால் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். உடன்பிறந்தவருக்கு இளம்வயதிலேயே கட்டி வந்திருப்பதை மருத்துவரிடம் சொல்லி, ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாற்று கேளுங்கள்.

பரம்பரைக் காரணங்களில் பெரிதும் பேசப்படும் ‘ஃபாக்டர் 5 லைடன்’, 1994-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டறியப்பட்ட மரபணு மாற்றம். ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேரிடம் காணப்படும் அது இந்தியர்களிடம் அரிது என்பதால், அது மட்டும் ‘இல்லை’ என்று வந்தால் நிம்மதியடைந்துவிட முடியாது. புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகிய, உறைதலைக் கட்டுப்படுத்தும் புரதங்களின் குறைபாடும் குடும்பத்தில் தொடரக்கூடியதே. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எல்லாச் சோதனையும் சரியாக இருந்தாலும், குடும்பத்தில் இப்படி நடந்திருப்பதே ஓர் அபாயக் குறிதான்.

மறுமொழி 2:
ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உங்கள் அக்காவுக்கு இப்போதே இந்தச் சோதனைகளைச் செய்யாதீர்கள். கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டியும் புரோட்டீன் எஸ் இயல்பாகவே குறைந்திருக்கும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையை எடுத்தால் சி, எஸ் இரண்டும் குறையும். அதற்காகவே போடும் ஹெபாரின் ஊசி ஆன்டித்ராம்பினைக் குறைத்துக் காட்டும். இல்லாத பரம்பரை நோயை இருப்பதாக எழுதிக் கொடுத்த அறிக்கைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். மரபணுச் சோதனைக்கு மட்டும் இந்தத் தொல்லை கிடையாது.

மறுமொழி 3:
எனக்கு இது வந்தது நீண்ட பேருந்துப் பயணத்துக்குப் பின். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தது. சுளுக்கு என்று தைலம் தேய்த்தேன். நான்காம் நாள், மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவில் குத்தியது. எக்ஸ்ரேயும் இ.சி.ஜி.யும் சரியாக இருந்ததால் வாயுப்பிடிப்பு என்று அனுப்பிவிட்டார்கள். மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். ஆகவே, காரணமில்லாத திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுத்தால் கூடும் நெஞ்சுவலி, ஓய்விலும் குறையாத படபடப்பு, சளியில் ரத்தம், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அக்காவுக்கு வந்ததை முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அட்டையைப் பார்த்தேன், ‘எத்தினைல் எஸ்ட்ராடையால்’ என்று இருக்கிறது, அது ஈஸ்ட்ரோஜன்தான் என்று மருந்தாளர் உறுதிசெய்தார். நாளைக் காலை மருத்துவரைப் பார்க்கிறேன்.